பேய்க்குக் கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சா கதை எத்தனை பக்கத்தில் முடியும்?

#1 கொம்தார்_நிழல் | வெள்ளி, இரவு 10:47

வணக்கம். ரெண்டு வருஷமா இங்கே சத்தமில்லாமல் படிச்சிட்டுப் போற ஆள் நான். இன்னிக்கு ஒரு சிக்கல்ல மாட்டிக்கிட்டேன், அதான் இழை தொறக்கிறேன்.

பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைங்களுக்கு ஒரு நாவல் எழுதுறேன். ஆவி, கொலை, காதல் மூணும் உண்டு. பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு பழைய கடைவீடு. கீழே பூக்கடை, மேலே பாட்டி வீடு. எஸ்.பி.எம். (படிவம் 5 அரசுத் தேர்வு) எழுதப்போற பொண்ணு பரீட்சை வரைக்கும் பாட்டிகூடத் தங்க வர்றா. மாடிப்படியில ஒரு பையன் உட்கார்ந்திருக்கான். 1999-ல அதே மாடியில இருந்து விழுந்து செத்தவன். தவறி விழுந்தான்னு போலீஸ்ல எழுதி மூடியாச்சு. உண்மையில தள்ளிவிட்டிருக்காங்க.

1999-ஐச் சும்மா எடுக்கலை. பினாங்கில் பழைய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது, 1966-ஆம் வருஷச் சட்டம். அது 2000 ஜனவரி 1-லேர்ந்து இல்லாமப் போச்சு. அதுக்கு முந்தின மாசங்கள்ல எத்தனை குடும்பம் சட்டிப்பானையைத் தூக்கிட்டு ஃபிளாட்டுக்குப் போச்சுன்னு ஜார்ஜ்டவுன்ல பிறந்தவங்களுக்குத் தெரியும். ஒரே கடைவீட்டுல நாலு குடும்பம் அறை அறையா இருந்த காலம். காலி பண்ண வைக்கிறதுக்கு வீட்டுக்காரனுக்கு ஆள் வேணும், அந்த ஆளுக்குக் கமிஷன். கொலைக்கு இது போதும்னு நினைச்சேன்.

சிக்கல் இதுதான். 38-ஆம் பக்கத்துல பேய் வாயைத் தொறக்குது. பொண்ணு முதல்ல என்ன கேப்பா? "யாரு தள்ளினா?" அவன் சொல்லிட்டான்னா 39-ஆம் பக்கத்துல கதை முடிஞ்சது. அதனால அவனுக்கு ஞாபகம் போயிடுச்சுன்னு எழுதினேன். தங்கச்சி மகள்கிட்டே படிக்கக் கொடுத்தேன். "ஞாபகம் போன பேயா? ஏழு மணி சீரியலா பெரியம்மா?"ன்னு திருப்பிக் கொடுத்துட்டா.

என்ன பண்ணலாம்?

#2 படிவம்6_பாவம் | வெள்ளி, இரவு 10:58

தங்கச்சி மகள் சொன்னது சரி. ஒரு சந்தேகம்: அந்தப் பொண்ணுக்கும் பேய்க்கும் லவ்வா?

#3 கொம்தார்_நிழல் | வெள்ளி, இரவு 11:02

ஆமாம்மா. அப்படித்தான் போகுது.

#4 படிவம்6_பாவம் | வெள்ளி, இரவு 11:05

கதை 2025-ல நடக்குதுன்னா அவன் செத்து 26 வருஷம். 17-ம் 26-ம் 43. மூஞ்சி பதினேழா இருந்தா ஆச்சா? அங்கிள் அது, டீச்சர். (நீங்க டீச்சர்னு எழுத்தைப் பார்த்தாலே தெரியுது.)

#5 மாமாக்_மேசை | வெள்ளி, இரவு 11:20

தே தாரிக் மூக்குல ஏறிடுச்சு மேலே உள்ளதைப் படிச்சு.

என் பங்குக்கு ஒண்ணு. வெள்ளைப் பாவாடை, கம்போஜா பூ வாசம், பொந்தியானாக்னு மலாய்ப் பெண்பேய் இதெல்லாம் வேணாம் லா. பிரசவத்துல செத்த பொம்பளை, கழுத்துல ஆணி, சத்தம் பெருசாக் கேட்டா தூரத்துல இருக்கா, மெதுவாக் கேட்டா பக்கத்துல இருக்கா, இதெல்லாம் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். பத்து மாவுங் போர் அருங்காட்சியகத்து ஜப்பான்காரன் பேயும் வேணாம். மாடிப்படியில உட்கார்ந்திருக்கிற தமிழ்ப்பையன் எனக்குப் புதுசு. அவனை மட்டும் விட்டுடாதீங்க.

#6 பழைய_கிராணி | சனி, காலை 6:15

எல்லாருக்கும் காலை வணக்கம். பசியாறிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன், பொறுக்கவில்லை.

ஞாபகம் போன பேய் நம் ஆட்கள் மத்தியில் கிடையாது. நான் கூலிம் பக்கம் தோட்டத்தில் முப்பது வருடம் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவன். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கேட்ட பேய்க்கதைகளுக்குக் கணக்கு இல்லை. எந்தக் கதையிலும் பேய் மறந்ததே இல்லை. மறக்க முடியாததால்தானே அது நிற்கிறது?

எங்கள் பெரியவர்கள் சொன்ன கணக்கு இது. ஒருவனுக்கு எழுதிய ஆயுசு எழுபது. பதினேழில் அகால மரணம் அடைந்தால் மீதி ஐம்பத்து மூன்று வருடமும் இங்கேயே அலைய வேண்டும். எவ்வளவு கருமாதி செய்தாலும் அந்தக் கணக்கு தீர்ந்தால்தான் போக முடியும். டீச்சரம்மாவுடைய பையனுக்கு இருபத்தாறுதான் கழிந்திருக்கிறது, இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. கொலைகாரன் பிடிபட்டதும் வெளிச்சத்தில் கரைந்து போகிற பேய் சினிமாக்காரன் பேய். நம் பேய் வழக்கு முடிந்த பிறகும் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருக்கும். கடைசி அத்தியாயத்தை எழுதும்போது இதை யோசியுங்கள்.

இன்னொன்று. கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னி தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற வீடுகள் தோட்டத்தில் இருந்தன. எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டு அம்மா ஒரு ஓலைப்பெட்டி வைத்திருந்தார். தை மாதம் ஒரு நாள் திறப்பார். உள்ளே சின்னப் பாவாடை, கண்ணாடி வளையல், சிவப்பு ரிப்பன், ஒரு சீப்பு. பாவாடையை மட்டும் வருடா வருடம் புதிதாக மாற்றுவார். அளவு மட்டும் மாறாது. சின்னப் பையனாக இருந்த எனக்கு அந்தப் பெட்டி பயம் தரவில்லை. அந்த அம்மா துணிக்கடையில் நின்று அதே அளவு கேட்பதைப் பார்த்தபோதுதான் என்னவோ செய்தது.

பெண்ணுக்குப் பெட்டி உண்டு. செத்துப்போன பையனுக்கு யார் பெட்டி வைப்பார்கள்?

#7 கொம்தார்_நிழல் | சனி, காலை 7:40

ஐயா, பால் அடுப்புல பொங்கிப் போச்சு உங்க பதிவைப் படிச்சு. பெட்டியை நான் எடுத்துக்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

#8 கெப்போங்_பொன்னி | சனி, காலை 9:31

இடையில வர்றேன், மன்னிக்கணும். இந்த மாதிரிக் கதை எழுத வர்றவங்க யாரா இருந்தாலும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிப் பக்கம் போகாதீங்க.

1993 டிசம்பர் 11. முதல் பிளாக் சரிஞ்சு 48 பேர் செத்தாங்க. மிச்ச ரெண்டு பிளாக்கும் பல வருஷம் காலியா நின்னதுல ராத்திரி டார்ச் லைட்டோட 'பேய் பார்க்க' போனவங்க கொஞ்சநஞ்சம் இல்லை. எங்க பழைய வீட்டுக்குப் பக்கத்துல இருந்த அக்காவோட சொந்தக்காரங்க அதுல போனாங்க. வீடியோவுல ஒருத்தன் "யாராச்சும் இருக்கீங்களா, ஒரு சத்தம் கொடுங்க"ன்னு கத்தினதை அந்த அக்கா பார்த்துட்டாங்க. அன்னிக்கு அவங்க சமைக்கலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கற்பனைப் பேய்க்கு யாரும் அழப்போறதில்லை. நிஜமாச் செத்தவங்களுக்கு அம்மா அப்பா இருக்காங்க.

#9 கொம்தார்_நிழல் | சனி, காலை 9:50

நீங்க சொன்னதை ஏத்துக்கிறேன். எங்க ஊர்லயும் 1988 ஜூலை 31 இருக்கு. பட்டர்வொர்த் ஃபெரி முனையம் இடிஞ்சு 32 பேர். அன்னிக்குப் புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் திருவிழாக் கூட்டமும் இருந்துச்சு. எங்கம்மா அதுக்கு முந்தின ஃபெரியில வந்து இறங்கினவங்க. அதைக் கதையாக்க எனக்குக் கை வராது. என் கடைவீடும் அதுல இருக்கிறவங்களும் முழுக்கக் கற்பனை, தெருப்பேர்கூடப் போடலை.

#10 நெறியாளர் | சனி, காலை 10:05

நல்லாப் போகுது. பேய் உண்டா இல்லையான்னு யாராச்சும் ஆரம்பிச்சா பதிவைத் தூக்கிடுவேன், அதுக்குன்னு தனி இழை இருக்கு, அங்கே போய்ச் சண்டை போடுங்க.

#11 ரெண்டாவது_பாலம் | சனி, மதியம் 1:12

சேம்பரிங் (வக்கீல் பயிற்சி) முடிச்சு நாலு மாசம் ஆன வக்கீல் நான். கொலைக்கதைன்னா கை சும்மா இருக்காது.

முதல்ல ஒரு வேடிக்கை. நம்ம மலேசியாவோட 1950-ஆம் வருஷச் சாட்சியச் சட்டம், பிரிவு 32. செத்துப்போனவர் தன் சாவுக்குக் காரணம் என்னன்னு சொன்னதைக் கோர்ட் ஏத்துக்கும். டீச்சர், சந்தோஷப்படாதீங்க. சாகறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். உங்க பையன் 26 வருஷம் லேட்.

அதனால பேய் யார் பேரைச் சொன்னாலும் அதை வெச்சு ஒரு ரிப்போர்ட்கூடப் போட முடியாது. பொண்ணு போலீஸ் பாலாய்க்குப் போய் "மாடிப்படி பேய் சொல்லுச்சு சார்"னு சொல்ற காட்சி இருந்தா தயவுசெஞ்சு எடுத்துடுங்க. பேய் சொன்னது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா நிரூபிக்க வேற ஏதாச்சும் வேணும். வாடகை ரசீது, அடகுச்சீட்டு, ஃபோட்டோ. என்னைக் கேட்டா 38-ஆம் பக்கத்துலயே கொலைகாரன் பேரைச் சொல்லட்டும். அதுக்கப்புறம்தான் கதையே ஆரம்பிக்குது.

திடீர் மரணம்னு மூடின கேஸைத் திரும்பத் திறக்க முடியுமான்னு கேப்பீங்க. முடியும். கொலைக்கு இங்கே காலவரம்பு கிடையாது.

#12 மாமாக்_மேசை | சனி, மதியம் 1:30

பேரைச் சொல்லிட்டா அப்புறம் மர்மம் எங்கே இருக்கு வக்கீல் சார்? பிள்ளைங்க கடைசிப் பக்கத்துக்காகத்தான் படிக்கிறாங்க. மாத நாவல் வாடகைக்கு எடுத்துப் படிச்ச காலத்துல எங்கக்கா கடைசிப் பக்கத்தைக் கிழிச்சு ஒளிச்சு வெச்சுக்கும், அஞ்சு காசு கொடுத்தாத்தான் தரும்.

#13 படிவம்6_பாவம் | சனி, மதியம் 2:44

ட்யூஷன்ல உட்கார்ந்து யோசிச்சேன். (கணக்கு வாத்தியார் மன்னிக்கணும்.)

பேய்க்குத் தெரியும்னு ஒரு வழி, தெரியாதுன்னு ஒரு வழி. ரெண்டும் வேணாம். அவனுக்குத் தெரியும், ஆனா பொய் சொல்றான். பேய் ஏன் உண்மையே சொல்லணும்? செத்துட்டா அரிச்சந்திரன் ஆயிடுவாங்களா?

"யாரும் தள்ளலை. நானேதான் தவறி விழுந்தேன்." அவன் வாயாலேயே சொல்றான். பொண்ணு நம்புறா, நாமளும் நம்புறோம். அப்புறம் ஒண்ணு இடிக்குது: தவறி விழுந்தவன் எதுக்கு இங்கே உட்கார்ந்திருக்கான்?

#14 கொம்தார்_நிழல் | சனி, மதியம் 2:51

...

நில்லுங்க. கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன்.

#15 ரெண்டாவது_பாலம் | சனி, மதியம் 3:08

யாரைக் காப்பாத்தப் பொய் சொல்றான்?

#16 படிவம்6_பாவம் | சனி, மதியம் 3:10

லவ் பண்ண பொண்ணோட ஆளை. அண்ணன்னு வெச்சுக்கலாம்.

#17 கொம்தார்_நிழல் | சனி, மாலை 4:35

மூணு தடவை வீட்டைச் சுத்தி நடந்துட்டு வந்து எழுதுறேன்.

இப்படிப் போகுது. பாட்டிக்கு ரெண்டு பொண்ணு, ஒரு பையன். மூத்தவ கதைநாயகியோட அம்மா. இளையவ, அதாவது சின்னம்மா, 1999-ல படிவம் 4. மாடிப்படி பையன் அதே வீட்டுப் பின்னறையில குடியிருந்த குடும்பம். அவனும் சின்னம்மாவும்தான் காதல், கதைநாயகி இல்லை. (படிவம்6 அம்மா, அங்கிள் பிரச்சினை தீர்ந்தது. கதைநாயகிக்குக் கீழே பூக்கடையில பகுதிநேரமா மாலை கட்டுற பையன் இருக்கான். உயிரோட இருக்கான், சம்பளம்கூட வாங்குறான்.) நடுவுல உள்ள மாமாதான் வீட்டுக்காரன்கிட்டே கமிஷன் வாங்கிக்கிட்டு மத்த குடும்பங்களைக் கிளப்பிவிட்ட ஆள். பையனுக்கு அது தெரிஞ்சுபோச்சு, மொட்டைமாடியில வாக்குவாதம், ஒரே ஒரு தள்ளு.

துப்பும் கிடைச்சது. எல்லாக் குடும்பமும் காலி பண்ணின வீட்டுல பாட்டி குடும்பம் மட்டும் எப்படித் தங்குச்சு? இந்தக் கேள்வியை முதல் அத்தியாயத்துலயே, பாட்டி பெருமையாச் சொல்ற மாதிரி வெச்சுடலாம். "எல்லாரும் போனாங்க, நாங்க மட்டும் அசையலை."

ஒண்ணுதான் உறுத்துது. தன்னைக் கொன்னவனை 26 வருஷம் காப்பாத்துற அளவுக்கு அவனுக்கு என்ன? காதல்னு சொல்லிட்டாப் போதுமா?

#18 ரெண்டாவது_பாலம் | சனி, மாலை 5:02

போதாது. ஆனா இதைக் கேளுங்க.

1999-ல தண்டனைச் சட்டம் பிரிவு 302-ல, அதாவது கொலைன்னு, குற்றம் நிரூபணம் ஆனா ஒரே தண்டனை. தூக்கு. நீதிபதி நினைச்சாலும் குறைக்க முடியாது. 2023 ஜூலை 4-லேர்ந்து கட்டாய மரண தண்டனை இல்லை. இப்போ தூக்கு கொடுக்கலாம், இல்லேன்னா 30-லேர்ந்து 40 வருஷம் சிறை. உங்க கதையில நடந்ததுக்கு 302-ங்கிறதே நிக்காமப் போகலாம். திடீர் வாக்குவாதத்துல ஒரு தள்ளுன்னா 304-க்கு (கொலையாகாத மரணம்) இறக்கச் சொல்லி எந்த வக்கீலும் வாதாடுவார்.

ஆனா படியில உட்கார்ந்திருக்கிற பேய்க்கு இதெல்லாம் யார் சொன்னா? அவன் தலையில இன்னும் 1999-தான். வாயைத் தொறந்தா அவளோட அண்ணனுக்குத் தூக்கு, அவளோட அம்மா தலையில இடி. அதான் பொய்.

#19 படிவம்6_பாவம் | சனி, மாலை 5:04

அப்போ பொண்ணு அவன்கிட்டே போய்ச் சொல்லணும். "சட்டம் மாறிடுச்சு"ன்னு. பேய்கிட்டே சட்டம் மாறினதைச் சொல்ற காட்சி!! எனக்கு ரோமம் நிக்குது.

#20 மாமாக்_மேசை | சனி, மாலை 5:15

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

#21 கெப்போங்_பொன்னி | சனி, இரவு 8:20

சின்னம்மா இப்போ எப்படி இருக்காங்க? கல்யாணம் கட்டாம அவனையே நினைச்சு மெலிஞ்சு போனவங்களா காட்டிடாதீங்க, ப்ளீஸ். அந்த மாதிரிச் சின்னம்மாக்களைப் படிச்சு அலுத்துப்போச்சு.

#22 கொம்தார்_நிழல் | சனி, இரவு 8:33

இல்லை. பாயான் லெப்பாஸ்ல தொழிற்சாலையில சூப்பர்வைசர். ரெண்டு பிள்ளை. புருஷன் நல்லவர், நல்லாவே சமைப்பார். அவங்க சந்தோஷமாத்தான் இருக்காங்க. பேய்க்குத்தான் அது தெரியாது.

பாட்டி வீட்டுக்கு வந்தா மட்டும் மாடி ஏற மாட்டாங்க. மூட்டுவலின்னு சொல்லுவாங்க, 42 வயசுல.

#23 பழைய_கிராணி | ஞாயிறு, காலை 6:02

பையன் இறந்த தேதியை முடிவு செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் ஒரு யோசனை.

பழைய நாள்காட்டியைப் பார்த்தேன். 1999-இல் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 11, புதன்கிழமை. சீனர்களின் ஏழாம் மாதம், பேய் மாதம் என்போமே, அதுவும் அன்றைக்கேதான் பிறந்தது. மாடியில் பாட்டி முன்னோருக்கு இலை போட்டு, காகத்துக்குச் சோறு வைத்துக் கா கா என்று கூப்பிடுகிறார். கீழே அண்டைவீட்டுச் சீனக் கிழவி அஞ்சடி (கடைமுன் நடைபாதை) ஓரத்தில் ஊதுவத்தி கொளுத்தி, தாள்பணம் எரிக்கிறார். ரெண்டு பேரும் செத்தவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் பாட்டி தன் வீட்டுச் செத்தவர்களை. கிழவி யாரும் இல்லாதவர்களையும் சேர்த்து. உங்கள் பையனுக்குச் சோறு எங்கிருந்து கிடைக்கிறது என்று பாருங்கள்.

பிறகு, ராத்திரி ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது, மூன்றாவது தடவைதான் பதில் என்று நம் வீடுகளில் பழக்கம். அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

#24 கொம்தார்_நிழல் | ஞாயிறு, இரவு 11:48

ஐயா, தேதியை வெச்சாச்சு. ராத்திரி எழுதின துண்டு ஒண்ணு போடுறேன். 11-ஆம் அத்தியாயம். திட்டுறதுன்னா திட்டுங்க.

"சின்னம்மா அலமாரிக்கு மேலே கையை விட்டு அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்தாள். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பியதும் டப்பென்று திறந்தது. உள்ளே ஒரு ஆண்பிள்ளைக் கைக்குட்டை, பேனா மூடி ஒன்று, ஃபோட்டோ ஒன்று. கைக்குட்டை மட்டும் புதுசு. கடையில் ஒட்டிய விலைச்சீட்டுகூடப் போகவில்லை.

'வருஷா வருஷம் ஒண்ணு வாங்குவேன்,' என்றாள் சின்னம்மா, ஃபோட்டோவைப் பார்க்காமல். 'உங்க சித்தப்பாவுக்குத் தெரியும். ஒண்ணும் கேக்க மாட்டார்.'

படத்தில் அவன் மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். படியில் உட்கார்ந்திருக்கிறவன் ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை. பக்கத்தில் வாழையிலை, சோறு, ஒரு காகம். சுவருக்குக் கீழே தெருவோரம் ஊதுவத்திப் புகை. மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி. அவனுக்குப் பின்னால், கதவு நிழலில், பாதி உடம்பு மட்டும் தெரிய ஒருத்தர் நின்றிருந்தார். கையில் அந்தப் பெரிய வெள்ளிக் கடிகாரம். பத்தாம் தேதியிலிருந்தே ஈப்போவில் இருந்ததாகப் போலீஸில் சொன்ன மாமா.

சின்னம்மா இருபத்தாறு வருஷமாக அந்தப் படத்தில் ஒருத்தனை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்."

#25 கெப்போங்_பொன்னி | திங்கள், காலை 7:15

விலைச்சீட்டு.

#26 ரெண்டாவது_பாலம் | திங்கள், காலை 9:40

ரயில்ல நின்னுக்கிட்டே படிச்சேன், நல்லா இருக்கு. ஆனா எதிர்த்தரப்பு வக்கீலா ஒரு கேள்வி கேக்காம விட முடியாது. அந்தக் காலத்துக் கேமராவுல தேதியை நாமதான் அமுக்கி அமுக்கி வைக்கணும். எங்க வீட்டு ஆல்பத்துல பாதிப்படம் 1987-ன்னு இருக்கும், அப்போ நான் பிறக்கவே இல்லை. கேமரா தேதி தப்புன்னு மாமாவோட வக்கீல் ஒரே வரியில தட்டிட்டுப் போயிடுவார்.

#27 கொம்தார்_நிழல் | திங்கள், காலை 10:22

அடப்பாவி. 11-ஆம் அத்தியாயமே போச்சு.

#28 பழைய_கிராணி | திங்கள், காலை 10:50

போகவில்லை. தேதியை விடுங்கள், படத்தைப் பாருங்கள். மாடியில் காகத்துக்கு இலை, அது அமாவாசை. தெருவோரம் ஊதுவத்தி, அது ஏழாம் மாதம். ரெண்டும் ஒரே படத்தில் விழ வேண்டுமென்றால் எந்த நாள்?

#29 ரெண்டாவது_பாலம் | திங்கள், காலை 11:03

ஐயா, மதிக்கிறேன். ஆனா ஏழாம் மாசம் முடியறதும் அமாவாசையை ஒட்டித்தானே? அது செப்டம்பர்ல எடுத்த படம்னு வாதாடலாம். மாமா ஈப்போவுலேர்ந்து திரும்பி வந்த பிறகு.

#30 படிவம்6_பாவம் | திங்கள், காலை 11:04

செப்டம்பர்ல அவன் உயிரோடவே இல்லையே சார்.